மூட்டு வலியும் இயன்முறை மருத்துவமும்

(மன்னார்புரம் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகைக்கு முன் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நம் தொழுகை வரிசைகளில் நாற்காலிகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன. முன்பு எழுபது வயதைக் கடந்த பெரியவர்கள் ஓரிருவர் அமர்ந்திருப்பார்கள். இப்போது நாற்பத்தைந்து, ஐம்பது வயதினரும் நாற்காலியைத் தேடுகின்றனர். "ஹஜ்ரத், நாற்காலியில் அமர்ந்து தொழுதால் கூடுமா?" என்று என்னிடம் கேட்பவர் பலர். "என் முழங்காலுக்கு என்ன சிகிச்சை செய்யலாம்?" என்று கேட்பவர் மிகக் குறைவு. ஆகவே இரண்டாவது கேள்வியைப் பற்றியே இன்று அதிகம் பேச விரும்புகிறேன்.

முதல் கேள்விக்கான விடை சுருக்கமானது. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தமது நோயின் நிமித்தம் தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. இயலாதவருக்கு மார்க்கம் சிரமம் வைக்கவில்லை. ஆனால் நிற்க முடிந்து ஸஜ்தா மட்டும் செய்ய முடியாதவரின் நிலை வேறு. எதுவுமே முடியாதவரின் நிலை வேறு. இதில் ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகளிடையே நுணுக்கமான வேறுபாடு உண்டு. அவரவர் நிலையைச் சொல்லித் தனியே கேட்டுக் கொள்ளுங்கள்.

இயலாமை என்பது எப்போதும் நிரந்தரமானதன்று என்பதை நாம் மறந்து விடுகிறோம். மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் வினவியபோது, செய்து கொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்ததாக உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள். "வயதாகி விட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று முழங்கால் வலிக்காரர்கள் கூறுவது பாதி உண்மை. தேய்ந்த குருத்தெலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டு வர இயலாதுதான். ஆனால் வலியையும் நடமாட்டத்தையும் தீர்மானிப்பது குருத்தெலும்பு மட்டுமன்று. மூட்டைத் தாங்கி நிற்கும் தசையும்தான். தசை எந்த வயதிலும் பயிற்சியால் வலுப்பெறும்.

குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீரிலிருந்தே அது உணவைப் பெறுகிறது. அழுத்தும்போது பஞ்சுபோல் நீரை வெளியேற்றி, அழுத்தம் நீங்கும்போது உறிஞ்சிக் கொள்கிறது. மூட்டை அசைக்காமல் வைத்திருந்தால் அந்த ஊட்டம் குறையும். வலிக்கிறது என்று உட்கார்ந்து விட்டால் தொடைத் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டின் மீது பாரம் கூடுகிறது. பாரம் கூடினால் வலியும் கூடுகிறது. வலி கூடியவர் இன்னும் அதிகமாக உட்காருகிறார். இந்தச் சுழற்சியை உடைப்பதே இயன்முறை மருத்துவத்தின், அதாவது பிசியோதெரபியின் வேலை.

நம்மில் பலர் பிசியோதெரபி என்றாலே "கரண்ட் வைப்பது" என்று எண்ணியிருக்கிறோம். பத்து நாள் சென்று கரண்ட் வைத்து, மெழுகு ஒத்தடம் கொடுத்துவிட்டு, பலனில்லை என்று நிறுத்தி விடுகிறோம். அவை வலியைச் சிறிது நேரம் தணிக்கும், அவ்வளவே. உண்மையான மருந்து, அவர்கள் கற்றுக் கொடுத்து வீட்டில் செய்யச் சொல்லும் பயிற்சிதான். காலை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்திச் சில விநாடிகள் பிடிப்பது; மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை வளைக்காமல் மெல்ல உயர்த்துவது; நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது. இவ்வளவு எளியதா என்று அலட்சியம் செய்து விடுகிறோம். ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் செய்தவருக்கே பலன் தெரியும். பயிற்சியின்போது சிறிது வலிக்கலாம். மறுநாளும் வலி கூடியே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

உடல் எடையும் இதில் சேரும். ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாக ஆய்வு காட்டியுள்ளது. வலீமா விருந்துகளைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. கைத்தடி ஊன்றுவோர் வலிக்கும் காலின் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். அது தவறு; எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.

நீரிழிவு உள்ள சகோதரர்கள் தோள்பட்டையையும் கவனிக்க வேண்டும். தக்பீருக்குக் கையை உயர்த்த முடியாமல் தோள் இறுகிப் போவது சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகமாக வருகிறது. தொடக்கத்திலேயே, சுவரில் விரல்களால் மெல்ல ஏறுவது போன்ற பயிற்சிகளை முறையாகக் கற்றுச் செய்வது நல்லது.

அடுத்து, விபத்துக் காயங்கள். மன்னார்புரம் சந்திப்பின் போக்குவரத்தை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். எலும்பு முறிந்தால் சிலர் இன்னும் புத்தூர்க் கட்டுக்குச் செல்கின்றனர். அரசு மருத்துவமனை இருக்கும் நம்மூர்ப் புத்தூரைச் சொல்லவில்லை. ஆந்திர மாநிலத்துப் புத்தூரைச் சொல்கிறேன். எங்கே கட்டுப் போட்டாலும், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் இறுக்கிக் கட்டுவது கைகால்களின் இரத்த ஓட்டத்துக்கே ஆபத்தாகலாம். மாவுக்கட்டைப் பிரித்த அன்றே எல்லாம் முடிந்ததென்று வீட்டிலிருப்பதும் தவறு. ஆறு வாரம் அசையாதிருந்த மூட்டு இறுகியிருக்கும், தசை வற்றியிருக்கும். எலும்பு கூடிய பிறகும் கை மடங்காமல் வாழ்நாளைக் கழிப்போர், பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டத்தை விட்டவர்களே.

இத்துறைக்குத் தமிழகத்தில் வழிகாட்டியவர்களில் ஒருவர் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இரு கால்களும் செயலிழந்தன. அதன் பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவரது முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தாம் எழுந்து நடக்க முடியாத ஒருவர் எத்தனையோ பேரை எழுந்து நடக்கச் செய்தார். அவர் கிறிஸ்தவச் சகோதரி. நன்மையை யார் செய்தாலும் நன்றியோடு நினைப்பது நம் கடமை.

நம் வீட்டுப் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடவர் தொட்டுச் சிகிச்சை அளிப்பாரே என்ற தயக்கத்தில் ஆண்டுக்கணக்கில் வலியைப் பொறுத்துக் கொண்டு, கடையில் வாங்கிய வலி மாத்திரையை விழுங்கி, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக் கொள்கின்றனர். இத்துறையில் பெண்கள் ஏராளமாக இருக்கிறார்கள், கேட்டுப் பெறலாம். கிடைக்காத நிலையில், சிகிச்சையின் அவசியத்துக்கு மார்க்கம் இடம் தருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட இயலாதோருக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டது. அத்திட்டத்தின் ஒரு கோடியாவது பயனாளிக்கு 2022 டிசம்பரில் மருந்து வழங்கப்பட்டது நம் திருச்சி மாவட்டத்துச் சன்னாசிப்பட்டியில்தான். நடமாட இயலாதோர் வீட்டில் இருந்தால், அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். கட்டணத்துக்கு அஞ்சி எவரும் வீட்டில் முடங்க வேண்டாம்.

மூட்டு சிவந்து, சூடேறி, காய்ச்சலும் சேர்ந்தால், அல்லது அடிபட்ட காலை ஊன்றவே முடியாவிட்டால், பயிற்சியைத் தேடாதீர்கள். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்திருப்போர் இதைக் கூடுதல் கவனத்துடன் கேட்க வேண்டும். ஸபா, மர்வாவுக்கிடையே ஏழு முறை செல்வதே மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். தவாபும், மினாவின் நடையும் தனி. பெண்ணின் திருமணம், பையனின் படிப்பு என்று ஒத்திப் போட்டு, கையில் பணம் சேரும்போது காலில் வலுவில்லாமல் போகிறது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே நடையையும் தொடைப் பயிற்சியையும் தொடங்குங்கள். பாஸ்போர்ட்டுக்குச் செய்யும் முன்னேற்பாட்டில் பாதியாவது முழங்காலுக்குச் செய்யுங்கள்.

மனிதன் 360 மூட்டுகளோடு படைக்கப்பட்டிருக்கிறான் என்றும், அவற்றுக்கான நன்றியாக நற்செயல்கள் உண்டென்றும், பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் அகற்றுவது அவற்றில் ஒன்றென்றும் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்த அடிப்படையில் நிர்வாகத்தாருக்கு என் வேண்டுகோள்கள் சில. உளூச் செய்யும் இடத்தில் தரை வழுக்குகிறது. அங்கே சுவரோடு ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்த வேண்டும். தாழ்வான இருக்கைகளில் இரண்டையாவது உயர்த்திக் கட்ட வேண்டும். நாற்காலிகளை வரிசையின் ஓரத்தில், பின்னால் நிற்பவரின் ஸஜ்தாவுக்கு இடையூறில்லாமல் வைக்க வேண்டும். கழிப்பறைகளில் ஒன்றையேனும் மேற்கத்திய முறையில் மாற்ற வேண்டும். செலவில் பங்கேற்க விரும்புவோர் தொழுகை முடிந்ததும் பொருளாளரைச் சந்திக்கலாம்.