பிள்ளை பள்ளிக்கு வராத நாளுக்குக் காரணம் யார்?

(சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், லயத்துக் கூரை இவற்றைப் பற்றி நம் மேடையில் பேசாத மாதமில்லை. இன்று எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. மூளை வளர்ச்சி குன்றிய, காது கேளாத, நடக்க முடியாத நம் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளியில் பெயர் பதிவாகியிருக்கிறது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் போனால் மூன்று நாள் போவதில்லை. ஏன் என்று டீச்சர் கேட்டால் நம் தாய்மார்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். குனிய வேண்டியது அவர்கள் தலையல்ல.

மூணாறையே எடுத்துக்கொள்வோம். டாட்டா டீ கம்பெனி காலத்தில், 1991-ல், தோட்டத் தொழிலாளரின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக ‘டேர்’ பள்ளி தொடங்கப்பட்டது. வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘சிருஷ்டி’ அமைப்பில் வேலையும் உண்டாயிற்று. கையால் காகிதம் செய்வது, துணிக்கு இயற்கைச் சாயம் போடுவது, ஸ்டிராபெரி ஜாம் காய்ச்சுவது. முதலாளி செய்வதையெல்லாம் குறை சொல்வது நம் வழக்கம். இதைக் குறை சொல்ல மாட்டோம்.

பள்ளி இருப்பது ஒன்று, பிள்ளை அங்கே போய்ச் சேருவது வேறொன்று. காலை மஸ்டருக்குத் தாய் நிற்க வேண்டும். ஒரு நாள் தவறினால் ஒரு நாள் கூலி போச்சு. லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கிவர நெடுந்தூர நடை. எட்டு வயதுப் பையனை யார் தூக்கி வருவது? அக்காவை நிறுத்தித் தம்பியோடு அனுப்புகிறோம். ஒரு பிள்ளையின் வருகைக்கு இன்னொரு பிள்ளையின் படிப்பு விலையாகிறது.

பொங்கல், கோயில் திருவிழா என்று ஊருக்குப் போனால் பதினைந்து நாள். மற்றப் பிள்ளைகள் எட்டிப் பிடித்துவிடுவார்கள். இந்தப் பிள்ளைக்கு மூன்று மாதம் பாடுபட்டுக் கற்றுக்கொடுத்த சட்டைப் பட்டன் மறந்துபோகும். இன்னொன்று, வலிப்பு மாத்திரையை லயத்திலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பும். டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது.

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டிலும் வாளையாரிலும் மஸ்டருக்குப் பதில் ஷிப்ட். அதோடு மொழிச் சிக்கலும் சேர்கிறது. வீட்டில் ‘உட்கார்’ என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு ‘இரிக்கூ’ என்றால் விளங்குமா? விளங்காததைப் புத்திக் குறைவென்று எழுதிவிடக் கூடாது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்விக்கு வசதி செய்ய வேண்டுமென்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு சொல்கிறது. மெதுவாகக் கற்கும் பிள்ளைக்குத்தான் அது முதலில் தேவை.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பள்ளிக்குப் போக வாகன வசதி செய்யவும், அதிக உதவி தேவைப்படும் பிள்ளையுடன் வருபவருக்கும் அந்த வசதி கொடுக்கவும் 16-வது பிரிவு சொல்கிறது. கோயம்புத்தூரிலோ தேனியிலோ வாங்கிய சான்றிதழ் கேரளாவில் செல்லாது என்று யாராவது திருப்பி அனுப்பினால் 58-வது பிரிவைக் காட்டுங்கள். அது நாடு முழுவதும் செல்லும்.

ஆகவே வாகனம் நம் கோரிக்கை. 2004-ல் திருவனந்தபுரம் மாவட்டம் வெங்கானூர் பஞ்சாயத்தில் முதல் ‘பட்ஸ்’ பள்ளி தொடங்கியது. பஞ்சாயத்தால் பள்ளியே நடத்த முடிகிறது, ஒரு ஜீப் விட முடியாதா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிராமசபை கூடுகிறது. அங்கே பத்துத் தாய்மார்கள் சேர்ந்து எழுந்து கேட்கட்டும். 2015 செப்டம்பரில் போனஸுக்காக மூணாறு ரோட்டில் உட்கார்ந்த பெண்களுக்குப் பேச யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாகனம் வரும்வரை லயத்துக்கு ஒருவர் முறை வைத்துப் பிள்ளைகளை ரோட்டுக்குக் கொண்டுவரட்டும். எந்த நாள், எதனால் போகவில்லை என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மனுவோடு அதைத்தான் வைக்கப் போகிறோம்.

ரயில்வே ஊழியர்கள் என்ற முறையில் ஒரு வார்த்தை. துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கும், கூடவரும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை உண்டு. 2020-ல் பல சலுகைகளை நிறுத்தியபோதும் இது நிற்கவில்லை. ரயில்வே படிவத்தில் அரசு டாக்டரின் சான்று வேண்டும். 2023 ஜூனில் போடிநாயக்கனூருக்கு மீண்டும் ரயில் வந்துவிட்டதால் மூணாறுக்காரர்களுக்கும் இது பயன்படும். ஊருக்குப் போகும்போதே திரும்பிவரும் டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள்; பதினைந்து நாள் நான்கு நாளாகும். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.