தாய்மாமன் மடி



சாதி மறுப்புத் திருமணம் என்றால் நம் மேடைகளில் கொலைகளைப் பற்றிப் பேசுகிறோம். 2003இல் கண்ணகி - முருகேசன். 2013இல் ரயில் பாதை ஓரம் பிணமாகக் கிடந்த இளவரசன். 2016இல் உடுமலை சங்கர். பேசத்தான் வேண்டும். நான் இன்று பேச வந்தது கொல்லாத குடும்பங்களைப் பற்றி, நம்மை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட குடும்பங்களைப் பற்றி.

நான் தலித் பெண், முனைவர் பட்ட ஆய்வாளர். என் இணையர் மரக்காணத்துக்காரர், ஊர்த்தெரு. அவர்கள் வீட்டில் குத்தகை உப்பளம் இருக்கிறது. 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்தில் நடந்த சாதிச் சங்க விழாவை ஒட்டி, தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்ட அதே மரக்காணம். அந்த ஊருக்குத்தான் நான் மருமகள்.

போன மாதம் ஒரு சனி, ஞாயிறு அங்கே இருந்தோம். எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் கிடையாது. மீன் குழம்பில் நடுத்துண்டு எனக்குத்தான் என்பதில் அத்தை உறுதியாக இருப்பார். விடியற்காலையில் மாமாவோடு அளத்துக்குப் போனேன். ஆண்கள் பலகையால் உப்பை வாரி ஒதுக்க, பெண்கள் தலையில் சுமந்துபோய்க் குவிக்கிறார்கள். ஊரும் காலனியும் ஒரே பாத்தியில் நிற்கிற இடம் அது. வேலை முடிந்தால் அவரவர் தெரு.

சிக்கல் இரவில் வந்தது. எங்கள் மகளுக்கு இரண்டு வயது. குலதெய்வக் கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்றார்கள். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும் என்பது வழக்கம். தாய்மாமன் என்றால் என் தம்பி.

மாமா மெதுவாகச் சொன்னார்: "பங்காளிங்க எல்லாம் வருவாங்கம்மா. நம்ம வகையிலயே மாமன் முறையில ஒரு பையன் இருக்கான், அவன் மடியில வெச்சிக்கலாம். உன் தம்பிக்கு வீட்ல தனியா விருந்து வெச்சிடலாம்."

யோசித்துப் பாருங்கள். மொட்டையை விட முடியாது, கோவிலை மாற்ற முடியாது, எல்லாம் காலம் காலமாக வந்த வழக்கம். ஆனால் அந்தச் சடங்கின் நடுவில் இருக்கிற தாய்மாமனை மட்டும் ஒரே பேச்சில் மாற்றிவிட முடிகிறது. அப்படியென்றால் அங்கே காப்பாற்றப்படுவது எது? மரபு வளைகிறது தோழர்களே. சாதிக்காக வளைகிறது.

அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று 1916இலேயே அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்று ஆண்டுதோறும் ஆள் எண்ணிப் பார்க்கிற இடமாகவே குலதெய்வக் கோவிலை நான் பார்க்கிறேன். மணமான ஒவ்வொரு ஆணும் அங்கே ஒரு தலைக்கட்டு. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்க வேண்டும். எங்களுக்கு மணமாகி நான்கு ஆண்டுகள். என் இணையரிடம் இதுவரை வரி வாங்கவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. காசை மட்டும் வாங்க மறுக்கிறார்கள். இதற்கு எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது?

1967இல் அண்ணா ஆட்சி நிறைவேற்றிய சுயமரியாதைத் திருமணச் சட்டம் எங்கள் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது. அது பெரிய காரியம். ஆனால் என் தம்பியின் மடியில் என் மகளை உட்கார வைக்க எந்தச் சட்டமும் வராது.

அன்று இரவு நான் வாய் திறக்கவில்லை. இணையர்தான் பேசினார்: "மச்சான் மடியில இல்லன்னா காதே குத்த வேணாம்ப்பா. என் வரியையும் யாரும் வாங்க வேணாம்." அத்தை அழுதார். மாமா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இன்றுவரை முடிவாகவில்லை.

ஆதிக்கச் சாதியில் பிறந்து, சாதி மறுத்து மணந்துகொண்ட தோழர்களுக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். உங்கள் வீட்டில் பேச வேண்டியது நீங்கள். நாங்கள் பேசினால் "மருமகள் குடும்பத்தைப் பிரிக்கிறாள்" என்று முடித்துவிடுவார்கள். நீங்கள் பேசினால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். திருமணத்தன்று காட்டிய துணிச்சலை, காதுகுத்துக்கும் கருமாதிக்கும் பத்திரமாக வைத்திருங்கள். சாதி அங்கேதான் காத்திருக்கிறது.

ஜெய் பீம்.