நரினா என்னும் பெயர்

ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் ஓர் அழகிய பறவையைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். ஏறத்தாழ ஓரடி நீளம். முதுகு ஒளிரும் பச்சை. ஆண்பறவையின் வயிறு செக்கச்சிவப்பு. மேற்கே சியரா லியோன் முதல் கிழக்கே எத்தியோப்பியா வரையிலும், தெற்கே தென்னாப்பிரிக்கா வரையிலும் இது வாழ்கிறது. ஆயினும் இதனைக் காண்பது எளிதன்று. ஆள் அரவம் கேட்டதும் பச்சை முதுகை நம் பக்கம் திருப்பி அசையாது அமர்ந்துவிடும், இலையோடு இலையாகிவிடும். ஆண்பறவை தொண்டையை உப்பவைத்துத் தாழ்ந்த குரலில் கூவும்போதுதான் அது இருக்குமிடம் நமக்குப் புலனாகும்.

கிளையில் பொறுமையாகக் காத்திருந்து, திடீரெனப் பாய்ந்து, இலைமேல் ஊரும் கம்பளிப்பூச்சியையோ கும்பிடுபூச்சியையோ கவ்விச்செல்வது இதன் வழக்கம். மரப்பொந்தில் முட்டையிடும், ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும்.

இதன் அறிவியற்பெயர் அபலோடெர்மா நரினா. முற்பகுதி கிரேக்கம், 'மென்தோல்' என்று பொருள்படும். இவ்வினப் பறவைகளின் தோல் எளிதில் கிழியக்கூடியது. பிற்பகுதிதான் நம்மைச் சிந்திக்கவைக்கிறது.

1781 முதல் 1784 வரை தென்னாப்பிரிக்காவில் பயணம் செய்த பிரெஞ்சுப் பறவையியலார் லெவையான், கோய்கோய் இனப் பெண் ஒருத்தியைச் சந்தித்தார். அவள் பெயர் அவருக்கு வாயில் நுழையவில்லை, செவிக்கும் இனிக்கவில்லை. ஆகவே அவள் மொழியில் 'மலர்' என்று பொருள்படுவதாகத் தாம் அறிந்த 'நரினா' என்னும் சொல்லை அவளுக்குப் பெயராக இட்டார். பின்னர் அப்பெயரையே இப்பறவைக்கும் சூட்டினார்.

அவர் அன்போடுதான் செய்தார் என்பதை மறுக்கவேண்டியதில்லை. எனினும், பெற்றோர் இட்ட பெயரால் அன்றி, வழிப்போக்கர் ஒருவர் இட்ட பெயராலேயே உலகம் அவளை அறிந்திருக்கிறது. சொற்களை மொழிவிட்டு மொழி கொண்டுசெல்லும் பணியில் இருக்கும் நாம் இதனை மறத்தலாகாது. பொருளைப் பெயர்க்கலாம், ஒருவருடைய பெயரை, நம் நாவுக்கு எளிதில்லை என்பதற்காக, மாற்றிவிடலாகாது. நாவைத்தான் பழக்கவேண்டும்.

இப்பறவையின் உறவினம் ஒன்று நம் மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளிலும் இலங்கையிலும் வாழ்கிறது. சிவந்த வயிற்றையுடைய அதனைத் தமிழில் தீக்காக்கை என்கிறோம். அது எவரிடமிருந்தும் பறித்த பெயரன்று. பறவையைப் பார்த்து இட்ட பெயர்.