குறியிடமும் கைப்பேசியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



அகப்பாட்டில் எவர் பெயரும் சுட்டப்பெறுவதில்லை என்பது இவ்வவை நன்கறிந்த செய்தி. பெயரை மறைத்த அம்மரபு இடத்தையும் அதே கருத்தோடு காத்தது என்பது அத்துணைப் பேசப்பெறுவதில்லை. தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடத்திற்குக் குறி என்று பெயர். பகற்குறி மனைக்குப் புறத்தே அமையும். இரவுக்குறி மனையோர் பேச்சொலி கேட்கும் எல்லைக்குள் அமையும். இவ்வாறு வகுத்த தொல்காப்பியர் களவியலில் மற்றொன்றும் சொல்கிறார். இன்ன இடத்திற்கு வருக என்று களத்தைச் சுட்டிக் கூறும் கூற்றுத் தலைவிக்கே உரியது என்பது அது. அவள் சென்று சேரத்தக்க இடமாக அது இருத்தல் வேண்டும் என்பதே காரணம். தலைவனுக்கு எத்தனையோ உரிமைகளை வழங்கிய இலக்கணம், இடத்தைச் சொல்லும் உரிமையைப் பெண்ணிடம் வைத்தது. அவள் சொன்னதைத் தோழி அறிவாள், தாய் அறியாள், ஊர் அறிந்தால் முதலில் அம்பல், பிறகு அலர்.

இருக்குமிடத்தைச் சொல்லும் அவ்வுரிமை இன்று எவரிடம் உள்ளது என்பதே இவ்வுரையின் பொருள்.

கைப்பேசி ஒருவரின் இருப்பிடத்தை அறியும் முறை பற்றிப் பிழையான கருத்தொன்று பரவியுள்ளது. செயற்கைக்கோள் வானிலிருந்து மனிதரை உற்று நோக்குகிறது எனப் பலரும் எண்ணுகின்றனர். ஜி.பி.எஸ். கோள்கள் எவரையும் பார்ப்பதில்லை. தத்தம் நேரத்தையும் நிலையையும் இடையறாது அறிவித்துக்கொண்டு செல்கின்றன, அவ்வளவே. குறைந்தது நான்கு கோள்களின் குறிப்பைக் கைப்பேசி கேட்டு, அவை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தான் நிற்குமிடத்தைத் தானே கணக்கிடுகிறது. பொதுமக்களுக்கான குறிப்பில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத்தில் நீக்கிய பின்னர் இக்கணக்குச் சில மீட்டர் அளவுக்கு நுட்பம் பெற்றது. கணக்கிட்டதைப் பிறர்க்கு எடுத்துச் சொல்பவை கைப்பேசியில் குடியிருக்கும் செயலிகள். வானத்தின் மேல் பழி போடுவதற்கில்லை. சட்டைப்பையில் இருப்பதே காட்டிக்கொடுக்கிறது. இடவரலாற்றைப் பதியவேண்டா என்று பயனர் அமைத்த பின்னரும் கூகுள் நிறுவனம் வேறு வழியில் அதனைப் பதிந்துவந்ததை 2018-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தர ஒப்பி அந்நிறுவனம் அச்சிக்கலை முடித்துக்கொண்டது.

கோபுரத்தின் வழி வேறு. அழைப்பு வந்துசேர வேண்டுமாயின், கைப்பேசி அருகிலுள்ள கோபுரத்திடம் தன்னை அறிவித்துக்கொண்டிருத்தல் இன்றியமையாதது. அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது இரண்டாண்டு காக்கவேண்டும் என 2021 டிசம்பரில் உரிம விதி திருத்தப்பெற்றது. ஆயின் இச்சான்று எப்போதும் கூரியதன்று. நகரில் கோபுரங்கள் நெருங்கி நிற்கும். சிற்றூரில் ஒரு கோபுரத்தின் எல்லை பல கிலோமீட்டர் விரியும். திருமானூர்ப் பக்கத்துக் கோபுரம் ஒன்று, கொள்ளிடத்தின் தென்கரையில் நிற்பவரையும் வடகரையில் இருப்பவராகக் காட்டக்கூடும். ஒருவரையொருவர் அறியாத ஒற்றர் மூவரின் சொல் ஒத்திருந்தாலன்றித் தெளியற்க என்பது வள்ளுவர் கருத்து. இன்றோ ஒரே கருவியின் சொல் மறுகேள்வியின்றி ஏற்கப்படுகிறது. (ஒற்றாடலுக்கு முந்திய அதிகாரமாக வள்ளுவர் கண்ணோட்டத்தை வைத்திருப்பதைக் கவிஞர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.)

தொலைபேசி வீட்டுக்குள் ஓரிடத்தில் இருந்த காலத்தில் முதற்கேள்வி, 'யார் பேசுறது?' என்பது. கைப்பேசி வந்ததும் அது, 'எங்க இருக்கீங்க?' என மாறியது. தமிழ்ப் பேச்சுவழக்கில் ஓசையின்றி நிகழ்ந்த பெரிய மாற்றம் இது. பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் தேநீர் அருந்திக்கொண்டே, திருச்சியில் காத்திருப்பவரிடம், 'சிறுவாச்சூர் தாண்டிட்டேன்' என்று சொன்னவர் எத்தனை பேர்! தீங்கு தராத பொய்க்கு வாய்மையின் பக்கத்தில் இடம் தந்த நாட்டில் இது பெருங்குற்றமாகக் கருதப்பெற்றதில்லை. இப்போது அக்கேள்விக்கும் தேவை அற்றுவிட்டது. காத்திருப்பவர் தம் திரையில் நகரும் புள்ளியைப் பார்த்துக்கொள்கிறார். கேள்வி போனபோது, விடை சொல்லும் உரிமையும் சொல்லாதிருக்கும் உரிமையும் அதனோடு போயின.

இவ்விரு மாவட்டங்களிலும் இதன் முகங்கள் பல. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் இடையே ஓடும் லாரி எங்கே நிற்கிறது, எத்துணை நேரம் நிற்கிறது என்பதை உரிமையாளர் அறையில் அமர்ந்தபடியே காணலாம். வண்டி அவருடையது, அதில் வழக்கில்லை. ஓட்டுநரின் உறக்கமும் பசியும் அதே புள்ளியில் அடங்கிவிடுவதுதான் எண்ணற்பாலது.

அதனினும் நுண்ணியது வீட்டுக்குள் நிகழ்வது. லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பொருளீட்டச் சென்றோர் மிகப் பலர். பாலைத்திணையின் தலைவி, பிரிந்த தலைவன் எவ்வழிச் செல்கிறானோ, எம்மலை கடந்தானோ என்று கலங்கினாள். இன்று பிரிந்து சென்றவனே அங்கிருந்து இவளைப் பார்க்கலாம். மனைவி சந்தைக்குச் சென்றாளா, தாய்வீட்டில் எத்தனை மணிவரை இருந்தாள் என்பதை நாள்தோறும் கணக்கெடுக்கும் கணவனுக்கும், மகன் நலமாக அறை சேர்ந்தானா என்று ஒருமுறை பார்த்துக் கண்ணயரும் தாய்க்கும் செயலி ஒன்றே. அன்பும் ஐயமும் ஒரே கருவியைக் கைக்கொள்வதால், கருவியை மட்டும் பழித்துப் பயனில்லை. பார்க்கப்படுபவரின் இசைவு உண்டா, வேண்டாதபோது அதனை அணைக்கும் துணிவு அவருக்கு உண்டா என்பதே கேட்கத்தக்கது. 'அணைச்சு வச்சியே, ஏன்?' என்ற கேள்விக்கு அஞ்சி இரவும் பகலும் கைப்பேசியைத் திறந்தே வைத்திருப்பதை இசைவு என்று கூறுதல் பொருந்தாது.

இடப்பெயரே அலராக மாறியதை இம்மாவட்டங்கள் 2020-இல் கண்டன. அவ்வாண்டு ஏப்ரல் தொடக்கத்தில் மைய அரசு 'ஆரோக்கிய சேது' செயலியை வெளியிட்டது. அருகலை உணர்வான புளூடூத்தையும் ஜி.பி.எஸ். இருப்பிடத்தையும் கொண்டு, தொற்றுடையோர் அருகே எவரெவர் இருந்தனர் எனக் கண்டறிவது அதன் நோக்கம். மே 5 அன்று சென்னைக் கோயம்பேடு சந்தை மூடப்பெற்றது. அங்கே உழைத்த தொழிலாளர் லாரிகளில் ஊர் திரும்பினர். அரியலூர் மாவட்டத்தில் தொற்றுடையோர் தொகை சில நாள்களிலேயே நூற்றுக்கணக்கில் உயர்ந்தது. அவர்களைத் தேடிக் கண்டறிதல் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயின் 'கோயம்பேட்டிலிருந்து வந்தவர்' என்ற தொடர், மருத்துவக் குறிப்பாக மட்டும் நில்லாமல் பழிச்சொல்லாகவும் உலவியது. தனிமைப்படுத்தப்பெற்றோர் வீட்டு வாயிலில் அறிவிப்புத் தாளும் ஒட்டப்பெற்றது. உரிய அதிகாரியின் ஆணையின்றி அவ்வாறு ஒட்டுதல் கூடாது என உச்ச நீதிமன்றம் கூறியபோது ஆண்டு முடியும் டிசம்பர் வந்துவிட்டது.

அரசு ஒருவரைப் பின்தொடர்வது பற்றிய வழக்கு, கைப்பேசிக்கு முந்தியது. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் கொள்ளை வழக்கொன்றில் சான்றின்மையால் விடுவிக்கப்பெற்றவர். எனினும் காவலர் அவரைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தனர். நள்ளிரவில் கதவைத் தட்டுவர். வேற்றூர் செல்வதாயின் எங்கே செல்கிறார், எப்போது திரும்புவார் என்று ஊர்க்காவலரிடம் அவர் சொல்லிச் செல்லவேண்டும். 1962-இல் உச்ச நீதிமன்றம் இரவில் வீடு புகுவதை மட்டும் தடுத்தது; நடமாட்டத்தைக் கவனித்தலை அனுமதித்தது. அந்தரங்கம் தன்னுரிமையின் இன்றியமையாக் கூறு என மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதியரசர் சுப்பா ராவ். அவர் கருத்து ஏற்கப்பெற ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் நீதியரசர் ஒன்பதின்மரும் ஒருமித்து அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என அறிவித்தனர். அத்தீர்ப்பின் பயன் 2024 ஜூலை 8 அன்று தெளிவாகத் தெரிந்தது. பிணையில் வெளிவரும் ஒருவர் தம் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடத்தில் குறித்துப் புலனாய்வு அதிகாரிக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. பிணை பெற்றவரின் ஒவ்வோர் அசைவையும் காவல்துறை பின்தொடரச் செய்யும் நிபந்தனை எதுவும் அந்தரங்க உரிமைக்கு முரண் என்பது அதன் முடிவு. கரக் சிங் ஊர்க்காவலரிடம் வாயால் சொன்னதைக் கருவியால் சொல்லவைக்கும் முயற்சி அவ்வளவில் நின்றது.

குற்றம் சாட்டப்பெற்றவருக்குக் கிடைத்த இக்காப்பு, குற்றமே செய்யாத மனைவிக்கும் மகளுக்கும் வீட்டுக்குள் உண்டா? இதில் நீதிமன்றங்களே வேறுபட்டு நிற்கின்றன. மனைவி அறியாமல் அவருடைய அழைப்பு விவரங்களைப் பெற்று மணவிலக்கு வழக்கில் முன்வைத்த கணவரின் சான்றை, 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தள்ளியது. கணவனுக்கும் அப்பாற்பட்ட அந்தரங்கம் மனைவிக்கு உண்டு என்றது. 2025 ஜூலையில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழ்க்கைத் துணையின் பேச்சை மறைவாகப் பதிந்ததையும் மணவழக்கில் சான்றாக ஏற்கலாம் என்றது. ஒருவரையொருவர் ஒற்றாடும் நிலை வந்தபோதே அம்மணம் முறிந்தது என்பது அங்கே கூறப்பெற்ற காரணங்களுள் ஒன்று. இல்லறத்திற்கு அது மெய்யான விளக்கமே. ஒற்றப்பட்டவருக்கு அதனால் ஆறுதல் இல்லை.

2023-இல் இயற்றப்பெற்ற எண்ணிமத் தனித்தரவுக் காப்புச் சட்டத்தையும் இவ்விடத்தில் நோக்கவேண்டும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் என வகுக்கப்பெற்றது. பதினெட்டு வயது நிரம்பாதோரின் நடத்தையைப் பின்தொடர்தல் கூடாது என்று அச்சட்டம் நிறுவனங்களைத் தடுக்கிறது. ஆனால், தனியொருவர் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தரவு சட்டத்தின் எல்லைக்குள் வாராது. வாயிற்படியில் சட்டம் நின்றுவிடுகிறது. உள்ளே நிற்பவள் தன் வழியைத் தானே காணவேண்டும்.

பெண்ணின் பாதுகாப்பிற்காக அன்றோ இவையெல்லாம் என்று வினவுவோர் உளர். வினா நேர்மையானது. தமிழகக் காவல்துறை 2018-இல் அறிமுகம் செய்த 'காவலன்' செயலியை இங்கு ஒப்பிடலாம். இடர் நேர்ந்தபோது பெண் தானே பொத்தானை அழுத்துவாள். அப்போது அவள் இருக்குமிடம் காவல் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும். களம் சுட்டும் கூற்று அவளுடையதாகவே நிற்கிறது. இருபத்துநான்கு மணிநேரமும் தந்தை, தமையன், கணவன் பார்வையில் ஒரு புள்ளியாக இருத்தல் இதனின் முற்றும் வேறுபட்டது; இற்செறிப்பு என்ற பழந்துறைக்கு நெருக்கமானது. ஒரு வேறுபாடு உண்டு. செறிக்கப்பட்ட தலைவி வீட்டுக்குள் இருந்தாள். இவள் கல்லூரிக்குச் செல்கிறாள், பேருந்தில் ஏறுகிறாள். சுவரும் உடன் செல்கிறது.

உடன்போக்கில் இது உயிர்ச் சிக்கலாகும். சாதி கடந்து மணந்தோரைக் காக்க மாவட்டத் தலைநகர்தோறும் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பதை எண்ணுமாறு 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அவ்வில்லத்தின் காப்பு முழுவதும் அதன் இடம் பகைவர்க்குத் தெரியாதிருத்தலில் உள்ளது. பையில் மறந்துபோய் இயங்கும் செயலி ஒன்று போதும், அக்காப்பை அழிக்க.

பாலைக்கலியில், மகளைத் தேடிச் சுரத்திடை வந்த செவிலி எதிர்ப்பட்ட முக்கோற் பகவரிடம், அவ்விருவரைக் கண்டீரோ என்று கேட்கிறாள். அவர்கள் கண்டதை மறைக்கவில்லை. கண்டோம் என்றே சொல்கின்றனர். ஆயின் எத்துணைத் தொலைவில், எத்திசையில் என்று காட்டவில்லை. பிறந்த இடத்தினும் சேர்ந்த இடத்தில் சிறக்கும் பொருள்களை உவமையாக எடுத்துரைத்து, அச்செலவும் அறமே என்று கூறி, அவளைத் திருப்பி அனுப்புகின்றனர். தேடி வருபவரின் கையிலுள்ள திரை இன்று கிலோமீட்டரையும் நிமிடத்தையும் காட்டுகிறது. வழியில் எதிர்ப்பட்டுப் பேசுவார் எவரும் இலர். அம்முக்கோற் பகவரின் இடத்தில் நின்று பேசும் பாடலொன்றை இவ்வட்டத்துக் கவிஞர் எவரேனும் அடுத்த கூட்டத்திற்குள் எழுதிவரலாம்.