அளக்கக் கற்ற கைகள்
(யூபிலி விழா இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தொழிற்பயிற்சிக் கூடத்தில் மின்னணுப் பாடம் நடத்தும் எங்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான்: "பையன் வெளிநாடு போக என்ன படிக்க வேண்டும்?" போவதற்கு வழி சொல்லப் பலர் உண்டு. போன இடத்தில் எதைக் கொண்டு நிற்பது? அதைச் சொல்ல ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டோம்.

அவர் பெயர் பிரான்ஸ் ரோடே. 1934-இல், அன்றைய யூகோஸ்லாவியாவைச் சேர்ந்த ஸ்லோவேனியாவில் பிறந்தவர். லுப்லியானாவில் பொறியியல் முடித்து, அமெரிக்கா சென்று, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மேற்பட்டம் பெற்றார். 1962-இல் கலிபோர்னியாவிலுள்ள ஹியூலட் பக்கார்டு கம்பெனியில் சேர்ந்தார். அந்நாளில் அக்கம்பெனிக்குப் பெயர் வாங்கித் தந்தவை அளக்கும் கருவிகளே. அவற்றுள் ஒன்று கவுண்டர். மின்னலை விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணிச் சொல்லும் கருவி அது. ரோடே முதலில் செய்தது அதன் சுற்றுகளை அமைக்கும் வேலை.

அதில் ஒரு சிக்கல் உண்டு. நர்சம்மா நாடி பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம் எண்ணினால் 72. அவசரப்பட்டு ஐந்து விநாடி எண்ணினால் 6. அதில் ஒன்று தவறினாலும் நிமிடக் கணக்கில் 12 பிசகிவிடும். வேறு வழி, சில துடிப்புகளுக்கு ஆகும் நேரத்தை நுட்பமாக அளந்து, வகுத்துக் காண்பது. அதற்குக் கருவிக்குள்ளேயே கணக்குப் போடும் பகுதி வேண்டும். 5360 என்னும் கவுண்டருக்கு அந்தப் பகுதியை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர் ரோடே.

1969-இல் அவர் கம்பெனியை விட்டு விலகினார். பிறகு திரும்பி வந்தார். சட்டைப்பையில் அடங்கும் கால்குலேட்டர் வேண்டும் என்று பில் ஹியூலட் கேட்டிருந்த காலம் அது. அந்த விலைக்கு விற்காது என்று சந்தை ஆய்வு எச்சரித்தது. ஆயினும் 1972-இல் எச்.பி.-35 வெளிவந்தது. விலை 395 டாலர். பொத்தான்கள் 35, பெயரும் அதனால்தான். சில ஆண்டுகளில் மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. பொறியாளர்கள் அதுவரை நம்பியிருந்த ஸ்லைடு ரூல் பெட்டிக்குள் போயிற்று. அதன் கணக்கிடும் சுற்றை அமைத்தவர்களில் ரோடேயும் ஒருவர். பிற்காலத்தில், கதவருகே காட்டினால் திறக்கும் நுழைவு அட்டைகளையும் உருவாக்கினார். 2017-இல் காலமானார்.

கால்குலேட்டரை ஊரறியும்; கவுண்டரை யார் அறிவார்? ஆனால் முதலில் கவுண்டரில் பழகிய கைதான் பின்னர் கால்குலேட்டரைச் செய்தது என்றே நாங்கள் கருதுகிறோம்.

நம் மாணவர்கள் சிலர் மீட்டரைப் பாராமலே 230 வோல்ட் என்று எழுதிவிடுகிறார்கள். புத்தகத்தில் அப்படி இருக்கிறதாம்! மீட்டரோ 208 காட்டிக்கொண்டிருக்கும். தம்பிகளே, மீட்டர் காட்டுவதை எழுதுங்கள். வெளிநாடு போனாலும் போகாவிட்டாலும் உங்களோடு கூட வருவது அந்தப் பழக்கம்தான்.