நிற்கிற காருக்குத்தான் ஆபத்து

மலைப்பாதையில் வேகமாகப் போகிற வண்டிக்குத்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். ஆனால் மேலிருந்து கல் விழுகிற இடத்தில் கணக்கு தலைகீழ்.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா என்று ஒரு மாகாணம். அங்கே 99-ஆம் எண் நெடுஞ்சாலை செங்குத்தான பாறைகளுக்குக் கீழே போகிறது. 1982 ஜனவரியில் ஒருநாள் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. மேலிருந்து வந்த ஒரு பாறை, நின்றிருந்த கார் மேல் விழுந்தது. ஒரு பெண் இறந்துபோனார்.

பின்னாளில் அந்த இடத்தை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு கேள்வி: இங்கே வருஷத்துக்கு எத்தனை கல் விழுகிறது? விழுகிற கல்லையெல்லாம் யார் எழுதி வைக்கிறார்கள்? அதனால் சாலையையே கேட்டார்கள். கல் விழுந்த வடு தாரில் பதிந்திருந்தது. அதை எண்ணினார்கள். தார் போட்டு எத்தனை வருஷம் என்று தெரிந்தால், மிச்சம் வெறும் வகுத்தல்தான்.

அடுத்தது, நாம் அந்தப் பாறைக்குக் கீழே இருக்கிற நேரம். 100 மீட்டர் தூரத்தை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 10 விநாடி. அங்கேயே அரை மணி நேரம் நின்றால் 1,800 விநாடி. நமக்கு ஆபத்து 180 மடங்கு!

‘கல் விழும் பகுதி’ என்ற பலகையைப் பார்த்ததும் ஒருவர் காரை ஓரங்கட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தபடியே நின்றாராம்.

“ஏன் சார் நிக்கறீங்க?”

“விழுந்து முடியட்டும், அப்புறம் போகலாம்னுதான்!”