காப்புறுதிப் பத்திரத்தைக் கண்டபின் பேசுங்கள்

(வன்னியில் விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



உரிமை என்பது பாராளுமன்றத்தில் மட்டும் கேட்டுப் பெறும் பொருளன்று. சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் உரிமையை அறியாமையால் இழப்போமாயின், அதற்கு யாரைக் குறைகூறுவது? அத்தகைய உரிமையொன்றைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம்.

அண்மையில் விதவைத் தாயொருவர் எம்மை நாடி வந்தார். வீதியோரத்தில் காயவிட்ட நெல்லை அள்ளிக்கொண்டிருந்த அவருடைய கணவரை லொறியொன்று மோதிக் கொன்றுவிட்டது. லொறிக்காரர் செத்தவீட்டுக்கு வந்தார், கண்ணீர் விட்டார், செலவுக்குச் சிறிது பணமுங் கொடுத்தார். “கோடு கச்சேரி வேண்டாம், பேசித் தீர்ப்போம்” என்றார். பேச்சு நீண்டது; இரண்டு வருடங்கள் கடந்தன. எம்மிடம் அத்தாய் வந்தபோது காலாவதிச் சட்டம் கதவைச் சாத்திவிட்டது. இத்தகைய நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்தினுள் தொடரவேண்டுமென அவருக்கு எவருஞ் சொல்லவில்லை. லொறிக்குக் காப்புறுதி உண்டா என்பதையும் எவரும் பார்க்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மூன்றாந்தரப்புக் காப்புறுதியின்றி வீதியில் வாகனமோட்டுவதும் பிறரை ஓட்டவிடுவதும் குற்றம். ஓட்டியவன் ஏழையென்பதால் அடிபட்டவன் கைவிடப்படலாகாது என்பதே இதன் நோக்கம். ஓட்டியவனுக்கெதிராக நீதிமன்றம் தீர்ப்பளிக்குமாயின், காப்புறுதிக் கம்பனி பணத்தைச் செலுத்தவேண்டும். ஆனால், வழக்குத் தொடருமுன்னரோ, தொடர்ந்து ஏழு நாளினுள்ளோ கம்பனிக்கு அறிவித்தல் கொடுத்திருத்தல் அவசியம். கம்பனியின் பெயரையே அறியாதவர் யாருக்கு அறிவித்தல் கொடுப்பார்?

ஆகவே, விபத்து நேர்ந்தவுடன் காயப்பட்டவரைக் காப்பாற்றுங்கள். அடுத்து வாகனத்தின் இலக்கத்தைக் குறியுங்கள். காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டுமாறு கேளுங்கள்; கைத்தொலைபேசியிற் படமெடுங்கள். கம்பனியின் பெயர், பத்திர இலக்கம், வாகன இலக்கம், தொடங்கும் நாள், முடியும் நாள், எத்தொழிலுக்கான காப்புறுதி என்பனவற்றை நோக்குங்கள். அதன்பின் கம்பனியின் தலைமைக் காரியாலயத்துடன் தொடர்புகொண்டு, அப்பத்திரம் விபத்து நாளன்று நடைமுறையில் இருந்ததா என்று விசாரியுங்கள். ஓட்டியவர் தரும் தொலைபேசி இலக்கத்தை நம்பவேண்டாம். இலக்கத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். போலிப் பத்திரங்களும் உலாவுகின்றன.

கண்ணாடியில் ஒட்டிய வருமான அனுமதிப்பத்திரத்தைக் கண்டு திருப்தியடைபவர் பலர். அது காப்புறுதிக்குச் சான்றன்று. அனுமதிப்பத்திரம் பெறும் நாளிற் காப்புறுதி காட்டவேண்டுமென்பது உண்மை. ஆனால் இரண்டின் முடிவுத் திகதியும் ஒன்றாக இருப்பதில்லை. இடையிற் காப்புறுதி முடிந்தும் போகலாம், இரத்தாகியும் போகலாம்.

ஓட்டியவர் பத்திரங் காட்ட மறுத்தால், பொலிசு முறைப்பாட்டில் அதனையும் எழுதுவியுங்கள். வாக்குமூலத்தைத் தமிழிலேயே கொடுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியே. வாசித்து விளங்காத எழுத்தின் கீழ்க் கையொப்பமிடாதீர்கள். மோதிய வாகனம் தப்பியோடி அடையாளங் காணப்படாவிடினும் மனந்தளர வேண்டாம். வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் நட்டஈடு கோர வழியுண்டு.

இனி, நம் வீட்டையும் பார்ப்போம். பிறர் லொறியின் பத்திரத்தைக் கேட்கும் நாம், நமது லான்ட்மாஸ்டருக்கும் உழவியந்திரத்துக்கும் காப்புறுதி எடுத்திருக்கிறோமா? வயலுக்கென்று காப்புறுதி செய்த உழவியந்திரத்தில் கூலிக்கு மணலேற்றுவோர் இல்லையா? ‘ஓபன் பேப்பரில்’ மோட்டார் சைக்கிளை வாங்கி, பெயர் மாற்றாமலே வருடக்கணக்காக ஓட்டும் உத்தியோகத்தர் இல்லையா? பழைய சொந்தக்காரரின் பெயரிலுள்ள பத்திரத்தை நம்பி ஓடுவது, பிறர் குடையை நம்பி மழையில் இறங்குவதையொக்கும். காப்புறுதியற்ற வாகனத்தால் ஓர் உயிர் போகுமாயின், தீர்ப்புப் பணத்துக்காக ஏலத்துக்கு வருவது நமது காணியே. யுத்தத்திலும் இடப்பெயர்விலும் உறுதியைக் கைவிடாது காத்த காணியை, வருடமொருமுறை கட்டவேண்டிய சிறு தொகையின் பொருட்டு இழப்பதா?

சனசமூக நிலையந்தோறும், கமக்காரர் அமைப்புத்தோறும் ஒரு கொப்பி வையுங்கள். ஊரிலுள்ள ஒவ்வொரு வாகனத்தின் காப்புறுதியும் முடியும் திகதியை அதில் எழுதுங்கள். ஒரு கிழமை முன்னதாக உரியவருக்கு நினைவூட்டுங்கள். படித்த இளைஞருக்கு இஃது அரைமணி நேர வேலை.

அந்தத் தாயின் வழக்கை எம்மால் தாக்கல் செய்ய முடியவில்லை. அவரை வெறுங்கையுடன் அனுப்பிய அன்றைய வெட்கமே எம்மை இம்மேடைக்குக் கொண்டுவந்தது. இன்னொரு தாய் அவ்வாறு திரும்பிப் போகாதிருப்பது உங்கள் கையில் உள்ளது.